மழை ஊரில் ஒரு வறண்ட பாத்தி

சென்ற ஆண்டு விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு என் தோட்டத்துக் கதையை இரண்டு நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் காதில் வாங்கிய மலர்க் குழுவினர், "இதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். நான் எழுத்தாளன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, 2020-ல் ஓய்வு பெற்றவன். தண்டவாளத்தின் அடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வாழ்நாள் உத்தியோகம். அந்த அனுபவம் பூச்செடிக்குப் பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

மட்டாஞ்சேரியில் வறட்சி என்று சொன்னால் ஊரில் இருக்கும் உறவினர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பது நியாயம்தான். கொச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. என் சொந்த ஊர்ப் பக்கமான தூத்துக்குடியில் அதில் கால் பங்கு கூடக் கிடையாது. ஆனால் இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும், டிசம்பர் பிறந்துவிட்டால் ஏப்ரலில் இடிமழை வரும்வரை வானம் வாயைத் திறப்பதே அபூர்வம். மட்டாஞ்சேரி முற்றங்களில் காலம் காலமாக இஞ்சியைச் சுக்காகக் காயவைத்ததும் இந்த மாதங்களை நம்பித்தான். வேளி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டாலும் சொல்வார்கள், ஜூலையில் ஒரு வேட்டி காய்வதற்குப் படும் பாட்டையும் ஜனவரியில் அது காயும் வேகத்தையும்.

ஆனால் நான் சொல்ல வந்த வறட்சி அதுவும் அல்ல. என் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டி 18 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. ஊரே வெள்ளத்தில் மிதக்கும் ஜூலை மாதத்திலும் அதில் மண் பொடிப்பொடியாக உதிரும். கையை நீட்டினால் மழை. பாத்தியிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதற்குக் காரணம் அடியேனேதான்.

2019-ல் வீட்டைப் பழுது பார்த்தபோது, சுவரில் சாரல் அடித்துச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று தெற்குப் பக்கம் முழுவதும் தகர ஷீட்டில் ஒரு தாழ்வாரம் இறக்கினேன். தரையிலிருந்து 9 அடி உயரம், சுவரிலிருந்து 4 அடி நீட்டல். மேற்கே பக்கத்து வீட்டு மாடி மறைப்பதால் காற்றோடு வரும் சாரலும் உள்ளே வராது. சுவர் பிழைத்தது. சுவரின் அடியில் இருந்த பாத்தி மழைக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. நாற்பது ஆண்டு வடிகால் பார்த்தவன், தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்றுதான் பழகியிருந்தேனே தவிர, வராமல் போனால் என்ன ஆகும் என்று பழகவில்லை.

அந்தப் பாத்தி யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு இப்போது 88 வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அவர்கள் கட்டிலுக்கு நேரே இருக்கும் ஜன்னல் திறப்பது அந்தப் பாத்தியைப் பார்த்துத்தான். முன்பு அங்கே டிசம்பர் பூவும் கனகாம்பரமும் செம்பருத்தியும் இருந்தன. காலையில் மருமகள் பறித்துக் கொடுக்க, அம்மா உட்கார்ந்தபடியே சரம் கட்டுவார்கள். பாதி பிள்ளையார் படத்துக்கு, பாதி பேத்தியின் தலைக்கு. விரல்கள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. தாழ்வாரம் போட்ட மூன்றே ஆண்டில் கட்டுவதற்குப் பூ இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நூல்கண்டு மட்டும் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கே பற்றாத ஊர் ஆகையால், கிணற்றிலிருந்து தினமும் ஒரு வாளி, சுமார் 20 லிட்டர், இறைத்து ஊற்றினேன். செடிகள் முதலில் தெளிந்தன. பிறகு இலையின் ஓரம் தீய்ந்தது. இன்னொரு வாளி ஊற்றினேன். இலை கொட்டியது. செடி விற்றவரைக் குறை சொன்னேன், மண்ணைக் குறை சொன்னேன், எரு வாங்கிப் போட்டேன். 2022 கோடையில் நான்காவது தவணையாக வைத்த கனகாம்பரமும் போயிற்று.

2023 பிப்ரவரியில் மேற்குக் கொச்சி முழுவதும் குழாய்த் தண்ணீர் நாள் கணக்கில் வராமல் மக்கள் பட்ட பாட்டை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். லாரி வரும் நேரத்தில் குடங்களும் வாளிகளும் தெருவில் வரிசையாக நின்றன. எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் கொஞ்சம் நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது. வாடிப்போன டிசம்பர் பூச்செடிக்கு, கடைசி முயற்சியாக அதில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, தெருவுல பொம்பளைங்க குடத்தோட காலையிலேருந்து நிக்காங்க. நீங்க நல்ல தண்ணிய மண்ணுல ஊத்துதீங்களே!"

எனக்குக் கோபம் வந்தது. "அம்மாவுக்காகத்தான் ஊத்துறேன்" என்று கத்திவிட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏலே, எனக்காவ ஒண்ணும் ஊத்த வேண்டாம். அந்தக் குடத்தக் கொண்டுபோயி வெளிய நிக்கறவுளுக்குக் குடு. நீ பூச்செடியா வளக்க? உப்பளம்லா போட்டிருக்க!"

குடம் தெருவுக்குப் போயிற்று. 'உப்பளம்' என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அம்மா பிறந்தது தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பக்கத்துக் கிராமத்தில். மறுநாள் பாத்தியில் குனிந்து பார்த்தேன். மண்ணின் மேல் வெண்மையாக ஒரு படலம். எருவில் பூத்த பூஞ்சை என்று அத்தனை நாளும் நினைத்திருந்தது அது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

உப்பளத்தில் என்ன செய்கிறார்கள்? உவர் நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. உப்பை எடுக்க முடியாது, அது தங்குகிறது. மறுபடி பாய்ச்சுகிறார்கள். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். கடலும் காயலும் சூழ்ந்த நம் பகுதிக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறுவது புதிதல்ல. குடிநீர் வடிகட்டி பழுது பார்க்க வருபவரிடம் டி.டி.எஸ். மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி அளந்தேன். குழாய்த் தண்ணீரில் நூற்றைத் தாண்டாத எண், எங்கள் கிணற்று நீரில் மார்ச் மாதத்தில் 2000-ஐத் தாண்டியது. லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 20 லிட்டர் என்றால் 40 கிராம். நான்கு மாதத்துக்கு 4 கிலோ 800 கிராம். ஒரு கோடையில் ஏறத்தாழ ஐந்து கிலோ உப்பை, அதுவும் மூன்று ஒற்றைக் கட்டில் அளவே உள்ள இடத்தில், அன்போடு கொட்டியிருக்கிறேன்.

அப்படியானால் அதே கிணற்று நீரை ஊற்றும் அடுத்த வீட்டுச் செடிகள் ஏன் பிழைத்தன? இங்கேதான் தாழ்வாரம் வருகிறது. திறந்த இடத்தில் கோடையில் சேரும் உப்பை ஜூன் மழை கழுவி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மணற்பாங்கான மண் ஆதலால் கழுவுவதும் சுலபம். தகர ஷீட்டின் அடியில் இருக்கும் மண்ணுக்கு அந்த வருடாந்திரக் குளியல் கிடையாது. உப்பு மேல் உப்பாக ஏறிக்கொண்டே போகும். மண்ணில் உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு செடி தாகத்தால் சாகும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். பால்கனித் தொட்டிகளில் செடி வளர்க்கும் அன்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மழை படாத தொட்டியும் என் பாத்தியும் ஒரே ஜாதி.

இனி என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். இரண்டு நிபந்தனைகளை எனக்கு நானே விதித்துக்கொண்டேன். இந்தப் பாத்திக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. கிணற்று நீரும் கிடையாது. மிச்சம் இருப்பது மழை. அதைத் தடுக்கும் தகரமே அதைக் கொடுக்கவும் வேண்டும்.

கணக்கு மிகவும் எளிது. 18 அடிக்கு 4 அடி என்றால் 72 சதுர அடி, அதாவது சுமார் 6.7 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆகவே 3000 மில்லிமீட்டருக்கு 20,000 லிட்டர். சிதறல் போக 16,000 லிட்டராவது அந்தத் தகர விளிம்பிலிருந்து ஆண்டுதோறும் நடைபாதையில் கொட்டி, ஓடையில் ஓடிக்கொண்டிருந்தது. பாத்தியோ 5 சதுர மீட்டர். வறட்சி தாங்கும் செடிகளுக்கு வாரம் 10 மில்லிமீட்டர் போதும் என்று வைத்தேன். அது 50 லிட்டர். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் 20 வரை 20 வாரம். ஆக மொத்தம் 1000 லிட்டர். கடையில் விற்கும் ஒரு கறுப்புத் தொட்டி, அவ்வளவுதான். அக்டோபர், நவம்பர் மழையிலேயே அது நிறைந்துவிடும்.

ஷீட்டின் விளிம்பில் பாதிக் குழாய் வடிவப் பி.வி.சி. தாரை ஒன்றைப் பொருத்தி, 100-க்கு 1 வாட்டம் கொடுத்தேன். 18 அடிக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம். இறங்கு குழாயின் முனையில் ஒட்டாமல் திருகும்படி ஓர் எல்போ. ஒரு பக்கம் திருப்பினால் துளையிட்ட குழாய் வழியே தண்ணீர் பாத்திக்குள் போகும். மறுபக்கம் திருப்பினால் தொட்டிக்குப் போகும். ஜூனில் முதல் இரண்டு மழை தகரத்துத் தூசியைக் கழுவட்டும் என்று வெளியே விடுவேன். அதன் பிறகு மாதம் முழுவதும் பாத்திக்கு. இது பாசனம் அல்ல, உப்புக் கழுவல். ஓர் அடி ஆழ மண்ணில் ஓர் அடி உயரத் தண்ணீரை இறக்கினால் ஐந்தில் நான்கு பங்கு உப்பு கீழே போய்விடும் என்பது உவர் நில வேளாண்மையில் பழைய கணக்கு. என் பாத்திக்கு அது 1500 லிட்டர். ஜூன் மாதம் மட்டும் அதைப் போல் இரு மடங்குக்கு மேல் தகரத்தில் விழுகிறது. கழுவிய நீர் தங்காமல் இறங்க வேண்டும் அல்லவா? மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் தென்படும் இடங்கள் உண்டு. அதனால் பாத்தியை நடைபாதை மட்டத்திலிருந்து 9 அங்குலம் உயர்த்திக் கட்டினேன். ரயில் பாதைக்குக் கரை உயர்த்துவதும் இதற்காகத்தான்.

தொட்டி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. நான்கு செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்தாதீர்கள், ஒழுங்கான மேடை வேண்டும். மூடியிலும் வழிந்தோடும் குழாயிலும் கொசுவலை கட்டாயம். கொச்சிக் கொசுவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது மண். ஒன்றரை அடி தோண்டியபோது கிடைத்தவற்றைப் பார்த்து வெட்கப்பட்டேன். பழுது பார்த்தபோது கொத்தனார்கள் புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கட்டிகள், சுண்ணாம்புக் காரை, உடைந்த மங்களூர் ஓடுகள், ஒரு கரண்டி. சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரத்தன்மை உள்ளதாக்கும். செம்பருத்தி இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றதற்கு இதுவும் காரணம். வீடு பழுது பார்ப்பவர்கள் சுவர் ஓரத்துப் பாத்தியைக் குப்பைக்குழி ஆக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் அரை அடி மண்ணை அள்ளி மழை படும் இடத்தில் கொட்டிவிட்டு, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு மக்கிய எருவும் கொஞ்சம் தென்னை நார்த்தூளும் கலந்து நிரப்பினேன். நார்த்தூளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். மட்டையை உவர் நீரில் ஊறவைத்து எடுத்த நாராக இருந்தால் அதிலும் உப்பு இருக்கும். மறுபடியும் உப்பா என்று பட்ட காலிலே பட வேண்டாம்.

சுவரை ஒட்டி 9 அங்குலத்துக்குச் செடியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். அங்கே வெறும் ஜல்லி. வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் பூவைப் பார்த்து ரசிக்கும் மனநிலை இருக்காது.

மேலே மண் தெரியாதபடி 20 மில்லிமீட்டர் ஜல்லியை இரண்டு அங்குலம் பரப்பினேன். இதைப் பார்த்துத்தான் என் பழைய சகா ஒருவர், "ஓய்வு பெற்றும் பேலஸ்ட் போடுவதை விடவில்லையா?" என்று கேலி செய்தார். ஆனால் இதில் விஷயம் இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணிய இடுக்குகள் விளக்குத் திரி போல் வேலை செய்து அடி ஈரத்தை மேலே இழுக்கின்றன, வெயில் அதைக் குடிக்கிறது. ஜல்லியில் இடுக்குகள் பெரியவை, அவற்றின் வழியே தண்ணீர் மேலே ஏற முடியாது. திரி அறுந்துபோகிறது. மணியாச்சி – தூத்துக்குடிப் பாதையில் சில காலம் வேலை பார்த்தபோது, மூன்று மாதம் மழை இல்லாத வேனலிலும் தண்டவாளத்து ஜல்லியைக் கிளறினால் அடியில் மண் குளிர்ச்சியாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆவாரையும் எருக்கும் தும்பையும் ஓரத்தில் பச்சையாக நின்றன. களை பிடுங்கச் சொல்லி ஆட்களை விரட்டினேனே தவிர, ஏன் அங்கே முளைக்கிறது என்று யோசித்ததில்லை.

உலகத்தில் இதை யோசித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற அம்மையார், கார்கள் நிறுத்தி இறுகிப்போயிருந்த ஒரு சரளைத் திடலை 1990-களின் தொடக்கத்தில் தோட்டமாக்கினார். அந்தப் பகுதியில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். முதலில் தரையை ஆழமாக உடைத்து மக்கிய எருவைக் கலந்தார், வறட்சி தாங்கும் செடிகளை வைத்துச் சரளையைப் பரப்பினார், அவை வேர் பிடித்த பிறகு தண்ணீரே ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தார். அவர் 2018-ல் காலமான பிறகும் அந்தத் தோட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் டென்வர் நகரத்துத் தண்ணீர் வாரியம் இத்தகைய தோட்டக்கலைக்கு 1981-ல் 'ஜெரிஸ்கேப்' என்று ஒரு பெயரே வைத்தது. கிரேக்க மொழியில் 'ஜெரோஸ்' என்றால் வறண்டது. எங்கள் ஊர் வீட்டு முற்றத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரில் அந்திமந்தாரை வளர்த்த பாட்டிமார் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

இப்போது வெயில். தெற்குப் பார்த்த இடம் என்றால் எப்போதும் வெயில் என்று பலர் நினைக்கிறார்கள். கொச்சி இருப்பது வடக்கு அட்சரேகை 10 டிகிரியில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறான். அந்த மாதங்களில் என் பாத்திக்கு வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. தாழ்வாரமும் மறைப்பதால், செப்டம்பர் நடுவில்தான் முன் விளிம்பை வெயில் தொடும். நவம்பர் தொடக்கத்தில் சுவர் வரை பரவும். பிப்ரவரி 10 வாக்கில் சுவரிலிருந்து விலகத் தொடங்கி, மார்ச் கடைசியில் முற்றிலும் போய்விடும். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், கூழாங்கற்களை நிழல் விளிம்பில் வைத்தும் சரிபார்த்தேன். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கொச்சியில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைக்கப்பட்டது, நாம் இருப்பது 76¼-ல். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 25 நிமிடம் தாமதம். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் ஆகும்.

ஆகவே எனக்கு வேண்டியது, நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலில் பூத்து, மழைக்காலத்தில் நிழலில் சும்மா இருக்கச் சம்மதிக்கும் செடிகள். இதைச் சொன்னதும் அம்மா சிரித்தார்கள். "டிசம்பர்ல பூக்கறதுக்குப் பேரே டிசம்பர் பூ. இதுக்கு ஒரு கணக்கா?"

சுவர்ப் பக்கத்து வரிசையில் டிசம்பர் பூதான். ஊதா ஆறு, வெள்ளை இரண்டு. வாசனை கிடையாது, ஆனால் சரம் கட்டினால் நாள் முழுவதும் நிற்கும். பாதி நிழலிலும் பிழைக்கும், வறட்சியை நன்றாகத் தாங்கும். கிழக்குக் கோடியில் கனகாம்பரம் நான்கு. இதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். நடுவில் நித்தியகல்யாணி. இதை நட்டபோது பக்கத்து வீட்டுச் சேச்சி முகம் சுளித்தார். மலையாளத்தில் இதற்குச் 'சவம்நாறி' என்று ஒரு பெயர், சுடுகாட்டுச் செடி. நம் ஊரில் அதே செடிக்கு நித்தியகல்யாணி! மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செடிக்கு இரண்டு பெயரும் தெரியாது. இதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் ரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட பல புற்றுநோய்களுக்கு உயிர்காக்கும் மருந்துகள் என்று சொன்ன பிறகு சேச்சி ஒரு கன்று கேட்டு வாங்கிப் போனார். அதற்காக யாரும் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம், அது விஷமாகவும் வேலை செய்யும்.

முன் விளிம்பில் பத்துமணிப் பூ, சோற்றுக்கற்றாழை, இரண்டு அடீனியம். பத்துமணிப் பூ மழைக்கால நிழலில் கூனிப்போய் அழுகும். ஆகையால் மே மாதத்தில் கிள்ளியெடுத்து மொட்டைமாடியில் ஒரு சட்டியில், மேலே ஒரு கண்ணாடி ஷீட்டு மறைப்பில் வைத்து, செப்டம்பரில் திரும்ப நடுகிறேன். தொல்லைதான். ஆனால் அம்மாவுக்குப் பத்து மணி ஆனதைக் கடிகாரம் பார்க்காமல் சொல்வதில் ஒரு சந்தோஷம். அடீனியத்துக்கு மழை படாத இடம் கொச்சியில் கிடைப்பதே வரம். மற்றவர்கள் ஜூனில் அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுகிறார்கள், என் பாத்தியில் அது நிம்மதியாகத் தூங்குகிறது.

அரளி வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். வறட்சிக்கு அதை விடப் பொருத்தமான செடி இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டில் பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். செடி முழுவதும் விஷம். 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்கச் சொன்னதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அடீனியமும் அதே குடும்பம், பாலில் விஷம் உண்டு. அதை வெட்டும் நாளில் குழந்தைகளை அண்டவிடுவதில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

தண்ணீர் கொடுப்பதற்கு மண்பானை. மெருகில்லாத நான்கு பானைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்தேன். ஒவ்வொன்றும் 6 லிட்டர். வாரம் இரண்டு முறை நிரப்பினால் 48 லிட்டர், நம் கணக்குக்குச் சரியாக வருகிறது. சுற்றி உள்ள மண் காய்ந்தால் பானை கசியும், ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். மேல் மண் காய்ந்தே கிடப்பதால் களையும் குறைவு. ஈரம் வேண்டும் கனகாம்பரத்தை ஒரு பானையின் தோளை ஒட்டி நட்டிருக்கிறேன். பானைக்கு மூடி அவசியம், காரணம் முன் சொன்ன கொசு.

நடும் காலம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கிளை நடத் திருவாதிரை ஞாற்றுவேலையைப் பார்ப்பார்கள். நானும் ஜூன் கடைசியில் டிசம்பர் பூக் கிளைகளைத் தொட்டிகளில் ஊன்றி, மழையில் வேர் பிடிக்க விடுகிறேன். பாத்திக்கு மாற்றுவது செப்டம்பர் நடுவில், வெயில் எட்டிப் பார்க்கும்போது. அக்டோபர், நவம்பரில் தாரைத் தண்ணீரைத் தொட்டிக்கும் பாத்திக்கும் மாற்றி மாற்றி விடுவேன். டிசம்பரில் பானைதான். முதல் ஆண்டு பயத்தில் மேலேயும் இரண்டு வாளி ஊற்றப் போனேன். "ஊத்தாத. வேர் கீழ தேடிப் போவட்டும். மேலயே கெடச்சா அது ஏன் போவும்?" என்றார்கள் அம்மா.

2023 ஜூனில் கழுவினேன், செப்டம்பரில் நட்டேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஊதா நிறத்தில் ஒன்பது பூக்கள். ஒன்பது பூவுக்குச் சரம் கட்ட முடியாது என்று மனைவி சொன்னாள். அம்மா நூல்கண்டை எடுத்து, இரண்டு துளசிக் கொத்தை இடையில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் அது பொய். கனகாம்பரத்தில் இரண்டு 2024 மார்ச்சில் போயின. தெற்குச் சுவரின் அனலும் ஜல்லியின் சூடும் அதற்குத் தாங்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஜல்லிக்குப் பதில் காய்ந்த தென்னை ஓலையை நறுக்கிப் போட்டேன், இப்போது பரவாயில்லை. செம்பருத்தி திரும்ப வரவே இல்லை. மழைக்காலத்தில் நிழல் என்பது அதற்குப் பிடிக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். மண்ணின் மேல் வெண்படலம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மே மாதமும் ஜல்லியை ஓர் இடத்தில் விலக்கிப் பார்க்கிறேன். மூன்று ஆண்டாக இல்லை. தொட்டித் தண்ணீர் ஏப்ரல் கடைசி வரை வருகிறது. ஓர் ஆண்டு மட்டும் இடிமழை தாமதித்ததால் கடைசி பத்து நாள் பானைகள் காலியாகவே இருந்தன. செடிகள் தலை தொங்கின, சாகவில்லை.

டிசம்பர் பூவை மழைக்கு முன் கவாத்து செய்ய வேண்டும். ஆகவே ஜூனில் என்னிடம் ஐம்பது அறுபது கிளைகள் சேரும். ஜூன் மாதச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். வேண்டியவர்கள் ஒரு ஈரத்துணியோ பழைய செய்தித்தாளோ கொண்டு வரவும். ஊதா கிடைக்கும். வெள்ளையை அம்மா கொடுக்க விடுவதில்லை.